பிறக்காதவனுக்கு ஒரு பூசை

எங்கள் லிபோவா ஊர்க் கோயிலில் ஒரு தடவை, இந்த உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒருவனுக்குச் சாவுப் பூசை வைத்தோம். கேட்டால் சிரிப்பு வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பூசைக்குக் காரணமாக இருந்த பெலாகியா கவ்ரோனைப் போன மாசம் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். அவள் கதையைச் சொல்கிறேன். முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள், எங்கள் நாட்டைப் பிடுங்கிக்கொண்ட ருஷ்யச் சக்கரவர்த்தியின் குடிகள். பள்ளிக்கூடத்தில் சொந்த பாஷையில் வாய் திறந்தால் முட்டி போட வைப்பார்கள். வீட்டில்தான் நாங்கள் நாங்களாக இருந்தோம். கிறிஸ்துமஸ் முடிந்து பனி கெட்டிப்பட்டதும், பெண்கள் ஒரு வீட்டில் கூடி வாத்து இறகை உரிப்பார்கள். தண்டை எறிந்துவிட்டு மெத்தென்ற பாகத்தை மட்டும் மெத்தைப் போர்வைக்குச் சேர்ப்பது. அந்த அறையில் தும்மக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. விட்டால் மேசையில் இருப்பதெல்லாம் கூரைக்குப் போய்விடும். இத்தனை பெண்கள் கூடின இடத்தில் வாயைக் கட்டுவது லேசா? அதனால் ஒருத்தி புத்தகம் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெலாகியாதான் வாசிப்பாள். அவள் குரல் அப்படி. நான் அவளைவிடச் சின்னவள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து கீழே விழும் இறகைப் பொறுக்குவேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் வாசித்தது மூன்று தடிப் புத்தகம். வார்சாவில் இருக்கிற ஒரு பெரிய எழுத்தாளர் எழுதிய பழைய காலத்துப் போர்க் கதை. அதில் தர்னாவா என்று ஒருவன். ஏழைப் பிரபு. மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுவான், பெண்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், வாளை எடுத்தால் எவனும் எதிரே நிற்க முடியாது. கதை முடிகிற இடத்தில், மற்றவர்கள் ஆற்றைக் கடந்து தப்ப வேண்டும் என்று இவன் ஒருவனே துறையில் நின்று எதிரியைத் தடுக்கிறான். சேற்றில் சாகிறான். உடம்பு கிடைக்கவில்லை.

பெலாகியா அந்தப் பக்கத்தை வாசித்தபோது அவள் குரலே உடைந்துவிட்டது. அந்த வீட்டுக்காரி, கொல்லன் பெண்டாட்டி விக்தா, முதலில் விம்மினாள். அவ்வளவுதான், பத்துப் பெண்களும் சேர்ந்து அழ, மேசையில் இருந்த இறகெல்லாம் கிளம்பி அறை முழுக்கப் பறந்தது. நான் மேசைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எல்லார் முகத்திலும் கண்ணீர் ஈரத்தில் இறகு ஒட்டியிருந்தது. ஒருத்தியும் துடைக்கவில்லை.

மறுநாள் விக்தா ஒரு வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு பெண்களோடு பங்குச் சாமியாரிடம் போனாள்.

"சாமி, ஒரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்கணும்."

"யாரு செத்தது? எனக்குச் சேதி வரலியே. எப்போ?"

"நேத்து சாயங்காலம் சாமி. நம்ம பெலாகியாதான் வாசிச்சா."

"தர்னாவாவா?" என்று சாமியார் கேட்டாராம். அவரும் படித்திருக்கிறார்! "அவன் கதையில வர்றவன்மா. அவனுக்கு ஆத்துமா கிடையாது" என்று மெதுவாகச் சொன்னார். விக்தா விடுவாளா? "உடம்பும் கெடைக்கல, பூசையும் இல்லன்னா அவன் எங்க சாமி போவான்?" என்று அங்கேயே அழுதாள். சாமியார் வாத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பூசை வைத்தார். கோயில் நிறைந்திருந்தது. வெளியே நின்ற ருஷ்யப் போலீஸ்காரனுக்குச் செத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எங்களுக்கு நாடு இல்லை, ராஜா இல்லை. அழுவதற்கு இவன் ஒருத்தனாவது கிடைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படியெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. வெறுமே அழுதோம்.

பெலாகியா வளர்ந்தாள். ரயில் தண்டவாளம் மாற்றுகிற வேலையில் இருந்த கவ்ரோனைக் கட்டிக்கொண்டாள். ஒரே பிள்ளை, இக்னாட்ஸி. நாங்கள் இக்னாஷ் என்று கூப்பிடுவோம். எங்கள் நாடு எங்களுக்கே திரும்பக் கிடைத்த சமயத்தில் பிறந்தவன். அவனுக்கு எட்டு வயது இருக்கும்போது தகப்பன் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தான். பெலாகியா ஸ்டேஷன் சிற்றுண்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நானும் அங்கேதான், பின்கட்டில் பாத்திரம் கழுவுவேன். அவள் முன்னால் நின்று முட்டைக்கோஸ் சூப்பும், கடுகு வைத்த சூடான தொத்திறைச்சியும், கண்ணாடித் தம்ளரில் தேநீரும் கொடுப்பாள். சிடுசிடு மூஞ்சியோடு ரயிலிலிருந்து இறங்குகிறவனும் அவள் கையால் ஒரு தம்ளர் குடித்தால் நல்லபடியாகப் பேசிவிட்டுப் போவான்.

வேலை முடிந்து போனால் பிள்ளைக்கு அந்த மூன்று புத்தகம்தான். மற்றப் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருந்தான், இவனுக்குத் தர்னாவா இருந்தான். நான் சொல்லித்தான் பார்த்தேன். "ஏண்டி, வேற கதையே இல்லியா? எந்நேரமும் வெட்டு குத்துன்னு!"

"இதுல வர்ற மாதிரி ஒரு ஆம்பளையை நீ லிபோவாவுல காட்டு சால்கா, நான் இதை மூடி வெச்சிடறேன்."

என் வீட்டு ஆம்பளை அந்த நேரத்தில் சாராயக் கடையில் இருந்தான்.

ஒன்பது வயதில் இக்னாஷ் ஆலைப் பாலத்து மேலே ஏறி, "துறையை நான் பாத்துக்கறேன், நீங்க போங்கடா!" என்று கூவிவிட்டு, உறைந்த ஆற்றில் குதித்தான். இடது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்தது. டாக்டரிடம் போக வசதி இல்லை. குதிரைக்கு லாடம் அடிக்கிறவன்தான் கட்டுப் போட்டான். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஒரு சின்ன விந்தல். "உன் தர்னாவா பண்ணின வேலையைப் பாத்தியா?" என்று நான் பெலாகியாவிடம் கத்தினேன். கட்டிலில் படுத்திருந்த அந்தப் பயல், "அவன் அழல அத்தை, நானும் அழல" என்றான்.

பிறகு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். இருபத்தொரு வயதில் இக்னாஷ் காட்டுக்குப் போனான். அங்கே மறைந்திருந்து சண்டை போடுகிற கூட்டத்தில் சேர்ந்தான். சொந்தப் பேரை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். பிடிபட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆளுக்கு ஒரு புனைபெயர். அவ்வளவுதான் அவர்களுக்கு அடையாளம்.

போகிற அன்று கடைப் பின்வாசலுக்கு வந்தான். நான் தொட்டியில் கையை விட்டபடி நின்றேன். பெலாகியா ரொட்டியையும் பன்றிக் கொழுப்பையும் துணியில் கட்டிக் கொடுத்தாள். அழவில்லை. அவன் கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"என்ன பேரு வெச்சிருக்கே?"

"சொல்லக் கூடாதும்மா."

"அம்மாகிட்டயுமா?"

அவன் சிரித்தான். "நீ வாசிச்சதுதான். வேற எது?"

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகாராணி மாதிரி இருந்தாள். அவன் போன பிறகு என்னிடம், "பாத்தியா சால்கா, கோணக் காலை வெச்சுக்கிட்டு என் புள்ளை தர்னாவா ஆயிட்டான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அப்புறம் எத்தனை வருஷம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள் என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தேன்.

நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் புத்தகத்தை எங்கள் ஊரில் மட்டுமா வாசித்தார்கள்? நாடு முழுக்க இறகு உரிக்கிற மேசை ஒவ்வொன்றிலும் அதைத்தான் வாசித்தார்கள். காட்டுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் ஒரு தர்னாவா. சில இடத்தில் அந்தப் பேருக்காகச் சீட்டுப் போட்டு எடுத்தார்களாம். தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதையில் வருகிற வேறு ஆள் பேரை எடுத்துக்கொள்வானாம். குழந்தைகள், வேறென்ன?

சண்டை முடிந்தும் இக்னாஷ் திரும்பி வரவில்லை. அந்த வருஷம், கடையில் சூப்புக் குடித்துக்கொண்டிருந்த ஒரு மரவியாபாரி பேச்சுவாக்கில் சொன்னான். "ஸகாயே ஊர்க் காட்டோரம் பெரிய சண்டைங்க. தர்னாவான்னு ஒருத்தர், மத்தவங்க போகட்டும்னு ஒத்த ஆளா நின்னு சுட்டாராம். ஊர்க்காரங்கதான் புதைச்சாங்க." பெலாகியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்தாள். போட்டிருந்த உடுப்போடேயே ஸகாயேக்கு நடந்து போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

காட்டோரம் பிர்ச் மரத்தில் செய்த சிலுவை. அதில் சூட்டுக்கோலால் எழுதியிருந்தது: தர்னாவா. வேறு ஒன்றும் இல்லை. புதைத்தவர்களைக் கேட்டோம். முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார்கள். விந்தினானா என்று கேட்டோம். செத்தவன் எப்படி விந்துவான் என்று ஒரு கிழவன் கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

அந்தச் சிலுவைக்குக் கீழே ஏற்கெனவே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தடித்த பெண்மணி மண்டியிட்டிருந்தாள். சுஹா ஊர் மாவு ஆலைக்காரர் மனைவி, கோர்துலா பித்தெல். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யாரம்மா நீங்க? இது என் பையன் கல்லறை."

"என் பையனோடது" என்றாள் பெலாகியா.

"உங்க பையன் பேரு?"

"தர்னாவா."

"என் பையன் வித்துக்கும் காட்டுல அதுதான் பேரு. போயி வேற எடம் பாருங்க."

அன்றைக்கு அந்தக் குழி மேல் இரண்டு பேரும் போட்ட சண்டையைச் சொன்னால் வெட்கம். பெலாகியா வைத்த பூவைக் கோர்துலா எடுத்து எறிந்தாள். கோர்துலாவின் விளக்கைப் பெலாகியா ஊதி அணைத்தாள். நான் நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் அடி வாங்கினேன்.

ஆனால் எத்தனை நாள்தான் சண்டை போட முடியும்? வருஷா வருஷம் செத்தவர்களுக்கு விளக்கு வைக்கிற கல்லறைத் திருநாளில் இருவரும் அதே குழிக்குத்தான் வர வேண்டும். மூன்றாவது வருஷம் கோர்துலாவின் நெருப்புக்குச்சி ஈரமாகிவிட்டது. பெலாகியா தன் விளக்கிலிருந்து அவளுக்கு ஏற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு பேச்சு ஆரம்பித்தது. 'நீங்க' போய் 'நீ' வந்தது. ஒருத்தி கசகசா ரொட்டி கொண்டுவருவாள், இன்னொருத்தி குடுவையில் தேநீர் கொண்டுவருவாள். குளிரில் குழிக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சம்பந்திகள் என்றுதான் தோன்றும்.

"வித்து சின்ன வயசுல ஆலைச் சக்கரத்துல கையை விட்டுட்டான். வலது கையில கடைசி ரெண்டு விரல் கெடையாது. அதைக் காட்டி எங்கிட்டயே மிட்டாய் புடுங்குவான், களவாணி" என்பாள் கோர்துலா.

"எங்க இக்னாஷுக்கு எடது காலு."

"மண்ணுக்கு அடியில பாக்க முடிஞ்சா தெரிஞ்சிடும்."

"முடியாதே."

உள்ளே இருப்பது யார் பிள்ளை என்று இருவருக்கும் தெரிய வேண்டும் என்றும் இருந்தது, தெரியக் கூடாது என்றும் இருந்தது. கோர்துலா ஒரு தடவை வெளிப்படையாகவே சொன்னாள்: "உம்புள்ளைன்னு ஆயிட்டா நான் எங்கடி போவேன்?"

அந்த வருஷங்களில் அந்தக் காட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சத்தமாகப் பேசவும் முடியாது. மறுபடியும் ருஷ்யாக்காரர்கள் கொண்டுவந்து வைத்த புது ஆட்சிக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், உன் பையன் யாரோடு சேர்ந்திருந்தான் என்று திருப்பிக் கேட்பார்கள். பெலாகியா கடையில் நின்றபடியே ஒவ்வொரு ரயிலையும் பார்ப்பாள். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். யாராவது விந்தி நடந்தால் கையில் இருக்கும் தம்ளரை விட்டுவிடுவாள். எத்தனை தம்ளரை உடைத்தாள்! மேலாளர் திட்டுவார். நான் உடைத்ததாகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் வழக்கப்படி நவம்பர் மாசம் முழுக்கக் கோயிலில் செத்தவர்களின் பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். வீட்டுக்காரர்கள் துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரே ஒவ்வொரு பெயருக்கும் செபம் சொல்லும். பெலாகியா புருஷன் பெயரைக் கொடுப்பாள், தாய் தகப்பன் பெயரைக் கொடுப்பாள். இக்னாஷ் பெயரைக் கொடுத்ததே இல்லை. "எங்கையால எழுதிட்டா நானே அவனைக் கொன்ன மாதிரி சால்கா. அந்தக் குழியில இருக்கறது அவன்தான்னு தெரியட்டும். அப்புறம் எழுதறேன்." பத்துப் பதினைந்து வருஷமாக இதையே சொன்னாள்.

பிறகு தெரிய வந்தது. ஸகாயே காட்டோரம் ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள், அங்கே இருக்கிற எலும்பை எடுத்து மாவட்டத் தலைநகர் மயானத்தில் வைக்கப் போகிறார்கள் என்று சேதி. உறவுக்காரர்கள் வரலாமாம்.

வசந்த காலம், மண் நெகிழ்ந்திருந்தது. இரண்டு கூலிக்காரர்கள், ஒரு டாக்டர், தோல் பை வைத்திருந்த ஒரு அதிகாரி. பெலாகியாவும் கோர்துலாவும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். தோண்ட ஆரம்பிக்கும் முன் கோர்துலா சொன்னாள்: "யாரோடதா இருந்தாலும் ரெண்டு பேரும்தான் வெளக்கு வெக்கிறோம். சத்தியம் பண்ணு." பெலாகியா சத்தியம் பண்ணினாள்.

டாக்டர் நல்ல மனுஷர். எலும்பை எடுத்து ஒரு துணியில் வரிசையாக வைத்தார். முதலில் கால். இடது கால் எலும்பு மெழுகுவத்தி மாதிரி நேராக இருந்தது. எங்கேயும் முறிந்த தடம் இல்லை. பெலாகியாவின் கை கோர்துலாவின் கையிலிருந்து நழுவியது. கோர்துலா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்குத் தெரியாமலே வந்ததுதான். ஆனாலும் அந்த நொடியில் எனக்கு அவளைக் குழியில் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

பிறகு டாக்டர் வலது கையின் சின்ன எலும்புகளை அடுக்கினார். அடுக்கினதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "எல்லா விரலும் இருக்குங்கம்மா." பல்லைப் பார்த்தார். "இவருக்கு நாப்பதுக்கு மேல இருக்கும். ரொம்ப நாளா சுங்கான்ல புகையிலை பிடிச்சிருக்காரு. பல்லு தேஞ்சிருக்கு."

எங்களுக்குத் தெரியாத யாரோ ஒரு தர்னாவா. பிள்ளை குட்டிக்காரனாகக்கூட இருந்திருப்பான்.

கோர்துலா குழியின் விளிம்பில் போய் நின்றுகொண்டு கத்தினாள். "யாருடா நீ? இத்தனை வருஷமா எங்க வெளக்கையெல்லாம் வாங்கிக்கிட்டுப் படுத்திருந்தியே, யாருடா நீ?" கூலிக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். அவளை நான்தான் இழுத்து மரத்தடியில் உட்கார வைத்தேன்.

அதிகாரி தோல் பையைத் திறந்தார். "யாராவது உரிமை கோருறீங்களா? இல்லாட்டி அடையாளம் தெரியாதவங்க வரிசையில வெச்சிடுவோம்."

நான் பெலாகியாவின் இடுப்பில் குத்தினேன். "உன்னுதுன்னு சொல்லுடி. யாருக்குத் தெரியப் போவுது? ஒரு குழியாவது மிஞ்சும்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இவனுக்கும் ஒருத்தி இருப்பா சால்கா. அவ தேடிக்கிட்டு வந்தா, இக்னாட்ஸி கவ்ரோன்னு எழுதின கல்லைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவா." பிறகு அதிகாரியிடம் போனாள். "ஐயா, அந்தச் சிலுவையை மட்டும் கூடவே வெச்சிடுங்க. அந்தப் பேரைப் பாத்துத்தான் நாங்க வந்தோம். இவரு வீட்டுலேருந்தும் யாராவது வருவாங்க."

"புனைபேரெல்லாம் அங்க அனுமதி இல்லம்மா."

"அது ஒண்ணுதாங்க இவருக்கு இருக்கு."

"நான் சட்டத்தைச் சொல்றேன்."

சிலுவையை மண்வெட்டிகளோடு வண்டியில் போட்டார்கள். அது எங்கே போனதோ. பிர்ச் மரம் நன்றாக எரியும், யாராவது அடுப்பில் வைத்திருப்பார்கள். கோர்துலா அன்றோடு சரி. எங்கள் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. செய்த சத்தியத்துக்கும் குழி வேண்டுமே.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. பழக்க தோஷத்தில் பெலாகியா வழக்கம்போல் ஒரு விளக்கு வாங்கிவிட்டாள். வாங்கின பிறகுதான் அதை வைக்க இடம் இல்லை என்று நினைவு வந்ததோ என்னவோ, கடைவாசலிலேயே நின்றாள். புருஷன் கல்லறையில் வைக்கலாம் என்றேன். "அவருக்கு வேற இருக்கு. இது அவனோடது" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கோயிலில் பெயர் வாசிப்பு. அவள் ஏதோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். கடைசியில் பிள்ளை பெயரைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். புதுச் சாமியார் இளவயசுக்காரர், வேற்றூர். நிதானமாக வாசித்துக்கொண்டு வந்தார். கவ்ரோன் குடும்பத்துப் பெயர்கள் வந்தன. அவள் புருஷன், மாமனார், மாமியார். பிறகு சாமியார் நின்றார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம் வாசித்தார்.

"தர்னாவா."

அவளுக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. இக்னாஷ் என்று எழுதினால் கொன்ற மாதிரி. எழுதாவிட்டால் அவனுக்காக யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் அவளிடம் இருந்தது இந்தப் பேர்தான். எனக்கு அது அந்த நொடியே புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை.

பின்வரிசையில் முடிதிருத்துகிற கிழவன் ஃப்ளோரெக் சற்று உரக்கவே முணுமுணுத்தான். "அவனுக்குத்தான் அன்னைக்கே பூசை வெச்சாச்சே! எத்தனை தடவைடா சாவான்?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்க அடக்க அது பக்கத்துப் பெஞ்சுக்குப் போனது. பெண்கள் தலைத்துணி நுனியை வாயில் வைத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கதைப் பைத்தியம் பெலாகியாவுக்கு வயசாகி மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தார்கள். சாமியாரே உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெயருக்கு மட்டும் கோயில் முழுக்க ஒரு செபமும் எழும்பவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும், ஆத்திரத்தில் ஃப்ளோரெக்கைத் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தேன். சாமியார் அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார்.

பெலாகியா திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள்.

வெளியே வந்தோம். மயானம் முழுக்க விளக்கு. மேலே வானம்கூடச் சிவந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் கையில் ஏற்றாத விளக்கோடு நடந்தவள் அவள் ஒருத்திதான். வாசல் கிட்டே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"சால்கா, அன்னைக்கு விக்தா வீட்டுல இந்த ஊரே அவனுக்காக அழுதுதே. மூஞ்சியெல்லாம் எறகு ஒட்டிக்கிட்டு. பூசையும் வெச்சோம். அவன்தான் பொறக்கவே இல்லியே, அவனுக்கு அது எதுக்கு? அந்த அழுகையை எடுத்து என் புள்ளைக்குக் கொடுத்துடுன்னு கேட்டா, கடவுள் கொடுப்பாரா?"

குளிருது, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அதன் பிறகு சில வருஷம் இருந்தாள். சூப்பு ஊற்றினாள், ரயிலைப் பார்த்தாள். புத்தகத்தைத் தொடவில்லை. போன மாசம் போய்விட்டாள். சாமான்களை ஒழித்தது நான்தான். அலமாரியில் அந்த மூன்று தடிப் புத்தகமும், அவற்றுக்குப் பின்னால் அந்த விளக்கும் இருந்தன. திரி வெள்ளையாகவே இருந்தது. புத்தகத்தை எரித்துவிட்டேன். விளக்கு என்னிடம்தான் இருக்கிறது. அவள் கல்லறையில் ஏற்றலாம் என்று இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனேன். அவனுக்கென்று வாங்கியதை அவளுக்கு ஏற்ற மனசு வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.